நான்காம் நாள் பூத்த பிஸ்கெட்

டப்பாவைத் திறந்தேன். ஆறேழு பிஸ்கெட்டின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு பூத்திருந்தது. சுட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தின்ன வேண்டிய நாய்க்குட்டி வீட்டுக்கு வருவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

சிங்கப்பூரின் வடகோடியில், கடற்பாலத்தைத் தாண்டினால் ஜொகூர் வந்துவிடுகிற உட்லண்ட்ஸில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாம் தளத்தில் இருக்கிறது எங்கள் சமையலறை. வரப்போகிறவள் ஒரு ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’. தொழிற்பேட்டைகளிலும் காட்டோரங்களிலும் பிறந்து வளரும் கலப்பின நாய்களுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. வீவக வீடுகளில் சிறிய இன நாய்கள் மட்டுமே என்றிருந்த விதி, 2012இல் ‘அடோர்’ தத்துத் திட்டம் வந்தபோது இவற்றுக்காகச் சற்று நெகிழ்ந்தது. தோள் உயரம் 50 செ.மீ., எடை 15 கிலோ என்று அப்போது வரம்பு வைத்தார்கள். 2020இல் உயரத்தை 55 செ.மீ. ஆக்கி, எடை வரம்பை எடுத்தேவிட்டார்கள். ஆகவே எங்கள் குட்டி எத்தனை பிஸ்கெட் தின்றாலும் வீவகவுக்குக் கவலையில்லை. கவலை எனக்குத்தான்.

அம்மா டப்பாவை எட்டிப் பார்த்தார். “நம்ம ஊர்ல நாய்க்கு யாருடா பிஸ்கெட்டு சுட்டா? மோர்சோறு போட்டோம். தின்னுட்டு வாசல்ல படுத்துக்கெடந்துச்சு.”

அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குள் நல்ல கேள்வி ஒன்று இருந்தது. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் இந்தப் பூஞ்சை.

தேக்கா சந்தையில் வாங்கிய கேழ்வரகு மாவு ஒரு கிண்ணம், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அரைக் கிண்ணம், முட்டை ஒன்று, தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி. உப்பில்லை, சர்க்கரையில்லை. பிசைந்து, அரை செ.மீ. தடிமனில் தட்டி, 160 டிகிரியில் 25 நிமிடம் சுட்டேன். அந்தச் சூட்டில் பூஞ்சை வித்து எதுவும் தப்பியிருக்க வாய்ப்பில்லை. பூஞ்சை பிறகு காற்றில் வந்தது. சமையலறைக் காற்றில் அதன் வித்துகள் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கு இறங்க இடம் கிடைத்தால் போதாது, குடிக்கத் தண்ணீர் வேண்டும். என் பிஸ்கெட்டில் அது இருந்தது.

எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கிருமியின் கைக்கு எட்டுகிறது என்பதுதான் கணக்கு. உணவு அறிவியலார் இதை ‘நீர்ச்செயல்பாடு’ என்கிறார்கள்: ஓர் உணவிலுள்ள தண்ணீர் எந்த அளவுக்குக் கட்டில்லாமல் திரிகிறது என்பதைக் காட்டும் எண். வெறும் தண்ணீருக்கு 1. புது ரொட்டிக்கு ஏறக்குறைய 0.95. 0.9க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியா அடங்கிவிடும். 0.7க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சையும் அடங்கும். 0.6க்குக் கீழே எதுவுமே வளராது. தேனில் 100க்கு 17 பங்கு தண்ணீர். ஆனாலும் அது கெடுவதில்லை. அதன் தண்ணீரைச் சர்க்கரை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. விழுந்த கிருமிக்குக் கொடுப்பது இருக்கட்டும், அதன் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் தேன் உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. காற்றின் ஈரப்பதத்தோடு அது நேராகப் பேசும். 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் எந்தப் பண்டத்தைத் திறந்து வைத்தாலும், அதன் நீர்ச்செயல்பாடு மெல்ல மெல்ல 0.8ஐ நோக்கி நகரும். காய்ந்தது ஈரத்தை உறிஞ்சும், ஈரமானது உலரும், இரண்டும் அங்கேதான் வந்து நிற்கும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அதாவது இந்த ஊர்க் காற்றே ஒவ்வொரு பிஸ்கெட்டையும் பூஞ்சை வளரும் எல்லைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. நான் வேறு, நடுவில் இன்னும் மெத்தென்று இருந்த பிஸ்கெட்டைச் சூடு ஆறுவதற்குள் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மூடியின் உட்புறம் வேர்த்து, சொட்டியிருக்கும்.

முறுக்கு நமத்துப்போவதும் இதே சங்கதிதான். நன்றாக உலர்ந்த மாவுச்சத்து இயற்பியல்படி கண்ணாடி நிலையில் இருக்கிறது. அதன் நீண்ட இழைகள் ஒழுங்கில்லாமல் சிக்கி, நகர முடியாமல் உறைந்து கிடக்கின்றன. அதனால்தான் கடித்தால் கண்ணாடியைப் போலவே படாரென்று உடைகிறது. நமக்குக் கேட்கும் ‘மொறுக்’ சத்தம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உடைசல்களின் கூட்டொலி. கொஞ்சம் ஈரம் உள்ளே போனால் தண்ணீர் மூலக்கூறுகள் இழைகளுக்கிடையே எண்ணெய் விட்டதுபோல் நுழைந்து அவற்றை நழுவவிடும். கண்ணாடி ரப்பராகிவிடும். முறுக்கு நமத்துவிட்டது என்று நாம் சொல்கிறோம்.

வழி என்ன? இரண்டு முறை சுடுவது. ‘பிஸ்கெட்’ என்ற சொல்லுக்கே லத்தீன் மூலத்தில் இருமுறை சமைத்தது என்றுதான் பொருள். முதல் முறை வேகவைப்பதற்கு. இரண்டாம் முறை, சூட்டைக் குறைத்து, தண்ணீரை விரட்டுவதற்கு. மொட்டைமாடியில் வற்றலும் வடகமும் காயப்போட்ட பாட்டிமார் வெயிலைக் கொண்டு செய்த வேலையும் அதுதான். எங்கள் புளோக்கில் மொட்டைமாடிக்குப் போக முடியாது, அடுப்புதான் வெயில். இரண்டாம் ஈட்டை 100 டிகிரியில் இன்னும் ஒரு மணி நேரம் உலரவிட்டு, அடுப்பை அணைத்து, உள்ளேயே முழுதாக ஆறவிட்டேன். பிறகு இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் பாதி, உறைபெட்டியில் பாதி.

அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பல்கள் மாதக்கணக்கில் சுமந்து சென்ற பிஸ்கெட்டும் இப்படி உலர்த்தியதுதான். பல்லை உடைக்கும் அந்தக் கப்பல் பிஸ்கெட்டிலிருந்துதான் நாய் பிஸ்கெட் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துக்கு வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், மாலுமிகள் தூக்கி எறிந்த பிஸ்கெட்டைத் துறைமுக நாய்கள் ஆவலோடு தின்றதைப் பார்த்து யோசனை பெற்றார் என்பார்கள். இடிதாங்கி விற்றுக்கொண்டிருந்தவர், கோதுமை மாவும் காய்கறியும் இறைச்சியும் சேர்ந்த நாய் பிஸ்கெட்டை லண்டனில் விற்கத் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சார்ல்ஸ் கிரஃப்ட் என்ற இளைஞர்தான் 1891இல் ‘கிரஃப்ட்ஸ்’ நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். உலகின் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சிக்கு வேர் ஒரு பிஸ்கெட் கடையில் இருக்கிறது.

மறுபடி என் மாவுக்கு வருவோம். கேழ்வரகு மாவைப் பிசைந்தவர்களுக்குத் தெரியும், அது சப்பாத்தி மாவைப்போல் இழுபடாது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ரப்பர் வலைபோல் மாவைச் சேர்த்துப் பிடிக்கும்; கேழ்வரகில் அது கிடையாது. அந்த வேலையை இங்கே முட்டை செய்கிறது. வெள்ளைக்கருவின் புரதங்கள் நூல் உருண்டைகள் மாதிரி சுருண்டு மிதக்கின்றன. 60 டிகிரியைத் தாண்டியதும் உருண்டை பிரிந்து, ஒன்றோடொன்று பின்னி, வலையாக இறுகிவிடும். அந்த வலைக்குள் மாவு மாட்டிக்கொள்கிறது. அதே சூட்டில் மாவுச்சத்துத் துகள்களும் தண்ணீர் குடித்து ஊதிப் பசையாகின்றன. கூழ் கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவேதான்.

கிழங்கு இன்னொரு தந்திரம் வைத்திருக்கிறது. சர்க்கரைவள்ளிக்குள் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும் நொதி ஒன்று உறங்குகிறது. 60லிருந்து 75 டிகிரி வரையில் அது விழித்துக்கொண்டு வேகமாக வெட்டத் தொடங்கும். அதற்கு மேல் சூடேறினால் செத்துவிடும். அதனால்தான் நிதானமாகச் சுட்ட கிழங்கு தேனாக இனிக்கிறது, மைக்ரோவேவில் அவசரமாக வெந்தது அந்த அளவுக்கு இனிப்பதில்லை. அந்த இனிப்பை நாயும் உணரும். பூனைக்கு அது எட்டாது: இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் எப்போதோ பழுதாகிவிட்டது.

இப்போது அம்மாவின் மோர்சோறு. நாய் என்பது வீட்டுக்கு வந்துவிட்ட ஓநாய். ஓநாய் மான் தின்னும், சோறு தின்னாது. பிறகு எப்படி நம்மூர் நாய் வேளாவேளைக்குச் சோற்றைத் தின்று செரித்துக்கொண்டு படுத்துக்கிடந்தது?

விடை 2013இல் வந்தது. ஸ்வீடனின் எரிக் ஆக்ஸல்சன் குழு நாய்களின் மரபணுத் தொகுதியை ஓநாய்களுடையதோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தது. கணையத்தில் சுரந்து மாவுச்சத்தை உடைக்கும் நொதிக்கு அமைலேஸ் என்று பெயர். அதற்கான மரபணு ஓநாயிடம் 2 படிகள் இருந்தன, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. நாய்களிடம் 4லிருந்து 30 படிகள் வரை இருந்தன! ஒரே சமையல் குறிப்பை முப்பது முறை நகலெடுத்து முப்பது சமையல்காரர்களிடம் கொடுத்ததுபோல. மனிதன் பயிரிடத் தொடங்கியபின், அவன் குப்பைமேட்டில் எறிந்த கஞ்சியிலும் ரொட்டியிலும் வயிறு வளர்க்கத் தெரிந்த நாய்கள் பிழைத்துப் பெருகின. ஆஸ்திரேலியாவின் டிங்கோ நாய்க்கு இன்றும் 2 படிகள்தான். உழவர்களின் வாசலில் அது காத்துக்கிடக்கவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். மனிதர்களுக்கும் அமைலேஸ் மரபணு பெருகியிருக்கிறது. ஆனால் நமக்கு அது எச்சிலில் வேலை செய்கிறது. வெறும் சோற்றை ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள், இனிக்கத் தொடங்கும். நாயின் எச்சிலில் அந்த நொதி இல்லையென்றே சொல்லலாம். அது மெல்வதுமில்லை, கவ்வி விழுங்கிவிடும். அதனால் எல்லாம் குடலில்தான். ஒரே வயலின் விளைச்சலை இரண்டு உயிர்கள் இரண்டு இடத்தில் வைத்துச் செரிக்கக் கற்றுக்கொண்டன. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “நான் அப்பவே சொன்னேன்ல” என்றார்.

உப்பும் சர்க்கரையும் இல்லாத பிஸ்கெட் நமக்குச் சாம்பல். நாய்க்கு அப்படியில்லை. நம் நாக்கில் சுமார் 9,000 சுவை மொட்டுகள். நாய்க்குச் சுமார் 1,700. அது சாப்பிடுவது பெரும்பாலும் மூக்கால். மோப்ப உயிரணுக்கள் நமக்கு 50, 60 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். மோப்பம் பிடிக்கையில் நொடிக்கு ஐந்து முறை காற்றை இழுக்கும். வெளிவிடும் மூச்சை மூக்கின் பக்கவாட்டுக் கீறல் வழியாகத் தள்ளும். அதனால் முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. அந்த மூக்குக்கு விருந்து வைப்பது பிஸ்கெட்டின் பழுப்பு நிறம். 140 டிகிரிக்கு மேல் சர்க்கரையும் புரதக் கூறுகளும் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயார் பெயராலேயே ‘மயார் வினை’ என்கிறோம். வறுத்த கடலையின் வாசமும் தோசைக்கல் வாசமும் இதன் பிள்ளைகள். பிஸ்கெட்டுக்குள் தண்ணீர் இருக்கும் வரை உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் மேல்தோல் மட்டும் பழுப்பாகிறது.

நமக்கு நல்லது நாய்க்கும் நல்லது என்று எண்ணினால் ஆபத்து. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நம் இரத்தத்தில் பாதியாகக் குறையச் சில மணி நேரம் போதும். நாய்க்கு ஏறக்குறைய 17 மணி நேரம். அதற்குள் இதயம் படபடத்துவிடும். 5 கிலோ குட்டிக்குத் தொல்லை தொடங்கச் சமையல் சாக்லேட் 7 கிராம் போதும், ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. வெங்காயம் அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் நஞ்சு போகாது. திராட்சை, அதிலும் பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை. நம் கணையம் அதைப் பொருட்படுத்தாது. நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டும். அரை மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். 5 கிலோ குட்டிக்கு அரை கிராமே அபாயம். சர்க்கரையில்லாத சூயிங்கம்மிலும் சில கடலை வெண்ணெய்ப் புட்டிகளிலும் அது இருக்கிறது.

அளவிலும் நம் கண் ஏமாற்றும். நான்கு மாதத்தைத் தாண்டிய 5 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 470 கலோரி வேண்டும். என் பிஸ்கெட் ஒன்று 5 கிராம், சுமார் 20 கலோரி. நமக்கு ஒன்றரை இட்லி எப்படியோ, அதற்கு ஒரு பிஸ்கெட் அப்படி. தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அப்படியென்றால் நாளுக்கு இரண்டு. ஆனால் ‘உட்கார்’ என்று பழக்க இருபது முறையாவது பரிசு தர வேண்டும், அதுவும் அது உட்கார்ந்த ஓரிரு நொடிக்குள். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்றே அதற்குப் புரியாது. ஆகவே பட்டாணி அளவுக்குப் பத்தாக உடைத்துவிடுகிறேன். கெட்டியாக இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பதும் உண்டு. நகம் பதியாவிட்டால் குட்டியின் 28 பால் பற்களுக்கு அது ஆகாது. வெந்நீரில் நனைத்துத்தான் தர வேண்டும். அவை ஏழாம் மாதத்துக்குள் விழுந்து 42 பற்கள் முளைத்தபின் மொறுமொறுப்பாகவே தரலாம்.

இரண்டாம் ஈட்டுக்கு இன்று ஒன்பதாம் நாள். புட்டியைத் திறந்து ஒன்றை உடைத்தேன், படாரென்று சத்தம் வந்தது. நாளை மாலை அவள் வருகிறாள். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். கைப்பையில் சூயிங்கம் இருந்தால் அந்தப் பையைத் தரையில் வைக்காதீர்கள்.