அம்பாசடரின் எஞ்சின் சுற்றைக் குறைப்பது

புழல் வழியே கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஓடும் பழைய நான்கு கியர் அம்பாசடரில், டாப் கியரில் எஞ்சினும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுழலும். மிச்சத்தைத் தீர்மானிப்பவை பின் அச்சின் கிரவுன்-பினியனும் டயரும்தான். விகிதம் 4.5, டயர் விட்டம் 65 செ.மீ. என்று கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,940 முறை சுழலும். விகிதத்தை 4 ஆக்கினால் அது 2,610. இரைச்சல் தணியும், பாலம் ஏறும்போது இழுவை தளரும். விட்டம் 3 சதவீதம் கூடிய டயர் சுற்றையும் ஏறக்குறைய அவ்வளவே குறைக்கும்; ஸ்பீடோமீட்டரோ உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், இதை ஓட்டுநர் மறக்கவே கூடாது. சிறந்த வழி ஐந்தாம் கியர்: கீழ் கியர்களின் இழுவை கெடாது. 1990களின் இசுசூ எஞ்சின் அம்பாசடர் அத்தகைய ஐந்து கியர் பெட்டியுடனேயே வந்தது.