கார்புரேட்டரின் மூச்சுக்குழல்

தே தாரிக் கலக்கும் அண்ணன் புதிய கெட்டிப்பால் டின்னைத் திறப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மூடியில் ஒரு துளை மட்டும் போடமாட்டார். எதிரெதிரே இரண்டு போடுவார். ஒன்றின் வழியாகப் பால் இறங்கும். மற்றொன்று சும்மா இருப்பதுபோல் தோன்றும். அதை விரலால் அடைத்தால் பால் மெலிந்து, விட்டு விட்டுச் சொட்டி, நின்றுவிடும். வெளியேறிய பாலின் இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் டின்னுக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று பாலை வெளியே வரவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது.

கார்புரேட்டரிலும் அப்படி இரண்டாவது துளை ஒன்று உண்டு. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கன்சில், தாத்தாவின் பழைய கப்சாய் எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள்தாம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டுவது அதன் வேலை. பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும்.

கார்புரேட்டரின் பக்கத்தில் சிறிய கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் பெட்ரோல் நிற்கும். அதன்மேல் ஒரு மிதவை கிடக்கும். கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவையின் வேலைதான் இதற்கும். மட்டம் உயர்ந்தால் வழியை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். கிண்ணத்துக்கு அருகே காற்று செல்லும் பாதை, நடுவில் இடுப்புபோல் குறுகியிருக்கும். இதுதான் வெஞ்சுரி. குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுக்கும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் பெர்னூலியின் தத்துவம் இதுவே.

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். “இயந்திரம் பெட்ரோலை உறிஞ்சுகிறது” என்று எழுதும் மாணவர்கள் உண்டு. பேச்சு வழக்கில் சரி, தேர்வுத்தாளில் போதாது. பெட்ரோலை யாரும் இழுப்பதில்லை. கிண்ணத்தின் மேலிருக்கும் காற்று அதைத் தள்ளுகிறது. வெஞ்சுரியில் எதிர்த்து நிற்கும் அழுத்தம் குறைவாக இருப்பதால் பெட்ரோல் அந்தப் பக்கம் ஏறுகிறது. அப்படியானால் கிண்ணத்துக்குள் காற்று போக வழி வேண்டுமல்லவா? அந்த வழிதான் மெக்கானிக்குகள் ‘வெண்ட் டியூப்’ என்று சொல்லும் குழல். நாம் அதை மூச்சுக்குழல் என்போம்.

அது அடைபட்டால் என்ன ஆகும்? டின்னுக்கு நேர்ந்ததேதான். பெட்ரோல் போகப்போகக் கிண்ணத்தில் அழுத்தம் குறையும். இயந்திரம் தடுமாறி நிற்கும். வெயிலில் இயந்திரம் சூடேறியிருக்கும்போது நேர்மாறாகவும் நடக்கலாம். பெட்ரோல் ஆவி வெளியேற வழியின்றிக் கிண்ணத்தில் அழுத்தம் கூடி, தேவைக்கு மேல் பெட்ரோலைப் பாதைக்குள் தள்ளிவிடும். ஒரே அடைப்பு, இரண்டு எதிரான கோளாறுகள்! பல மோட்டார் சைக்கிள்களில் இந்தக் குழல் ரப்பர்க் குழாயாகக் கீழ்நோக்கித் தொங்கும். வெள்ளத்தில் ஓட்டும்போது அதன் வாய் நீரில் மூழ்கினாலும் இயந்திரம் நின்றுபோகலாம். அதனால்தான் காட்டுப் பாதையில் ஓட்டுபவர்கள் அதில் ஒரு கிளை சேர்த்து, அந்தக் கிளையை உயரமான இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

குழலின் வாய் எங்கேயாவது திறந்திருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம், அது பீச்சப்படும் துளைக்கு 6 மில்லிமீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த உயரத்துக்குப் பெட்ரோலை ஏற்ற, அடர்த்தியையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால் வருவது சுமார் 44 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ ஏறக்குறைய 101,000 பாஸ்கல்! இப்போது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று குழலின் வாய்க்கு நேராக வீசினால், அங்கே சுமார் 60 பாஸ்கல் அழுத்தம் கூடும். பெட்ரோலை மேலேற்றத் தேவையான அழுத்தத்தைவிட இது அதிகம். விசிறிக் காற்றுக்கும் எதிர்காற்றுக்கும் ஏற்பக் கலவை மாறிக்கொண்டே இருந்தால் எந்த இயந்திரம் சீராக ஓடும்?

ஆகவே மூச்சுக்குழலின் வாயைக் காற்று வடிகட்டிக்குள்ளேயே வைக்கிறார்கள். தூசு கிண்ணத்தில் விழாது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் வேறு. வடிகட்டியில் அழுக்கு சேரச் சேர உள்ளே அழுத்தம் குறையும். குழல் வெளியே இருந்தால் கிண்ணத்தில் மட்டும் முழு வளிமண்டல அழுத்தம் இருக்கும். வேறுபாடு பெருகி, பெட்ரோல் அதிகம் செலவாகும். குழல் உள்ளே இருந்தால் இரு பக்கமும் ஒன்றாகவே குறைவதால், வடிகட்டி அழுக்கானாலும் கலவை பெரிதாக மாறாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இதற்கென்று தனிக் கருவி எதுவும் இல்லை என்பதுதான். குழாயின் வாயை இடம் மாற்றினார்கள், அவ்வளவே.

அமெரிக்காவின் பெரிய வி8 கார்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். ஹோலி நிறுவனத்தின் நான்கு பாதைக் கார்புரேட்டர்களில் முன்னும் பின்னும் கிண்ணங்கள் இருக்கும். அவற்றின் மூச்சுக்குழல்கள் மேல்நோக்கி நிற்கும். அவற்றின்மேல் தாம்பாளம்போல் வட்டமான வடிகட்டி உட்காரும். இயந்திரத்தை மாற்றியமைப்பவர்களுக்கு வரும் தொல்லை, முன்மூடி சாத்தாது. உடனே உயரம் குறைந்த வடிகட்டி ஒன்றை வாங்கிப் பொருத்துவார்கள். வடிகட்டியின் மூடி தாழ்ந்து குழலின் வாய்மேல் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். மெதுவாக ஓட்டும்போது எதுவும் தெரியாது. முழு வேகத்தில் பெட்ரோல் போதாமல் கலவை மெலியும். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் எரியறை அளவுக்கு மீறிச் சூடேறி, கலவை தாறுமாறாக வெடித்து, பிஸ்டனில் ஓட்டைகூட விழலாம்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? குழலின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர் என்றால் வாயின் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். மூடிக்கும் வாய்க்கும் இடையே காற்று நுழையும் பக்கப் பரப்பு, வாயின் சுற்றளவை இடைவெளியால் பெருக்கினால் கிடைக்கும். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பரப்பும் சமம். அதாவது விட்டத்தில் நாலில் ஒரு பங்கு. இது கணக்கு சொல்லும் குறைந்தபட்ச அளவு மட்டுமே. ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறையும் என்பதால் இதைவிட நிறையவே விடவேண்டும்.

இடைவெளியை அளக்க ஓர் எளிய வழி உண்டு. இயந்திரம் அணைந்து, நன்கு ஆறிய பிறகு, குழலின் நுனியில் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, வடிகட்டியின் மூடியைப் பொருத்தி, மீண்டும் கழற்றுவார்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. பிறகு களிமண்ணைத் துளியும் விடாமல் எடுத்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம் என்பதால் பக்கத்தில் தீப்பொறியே கூடாது. மெக்கானிக் செய்ய, நீங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

இடம் போதாவிட்டால் வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே வளையம் வைத்து உயர்த்தலாம். முன்மூடி இடம் தராதபோது சிலர் குழலின் நுனியைச் சாய்வாக வெட்டுவார்கள். மூடி தாழ்ந்தாலும் சாய்வின் தாழ்ந்த பக்கம் திறந்தே இருக்கும். ஆனால் சாய்வு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது முக்கியம். காற்றோட்டத்தை எதிர்கொண்டால் அழுத்தம் கூடும். அதற்கு முதுகு காட்டினால் குறையும். விமானத்தின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் இந்த விளைவைத்தான் பயன்படுத்துகிறது.

இன்றைய கார்களில் பெட்ரோலை விசையியக்கக் குழாய் அழுத்தி, கணினி அளந்து தெளிக்கிறது. மிதவைக் கிண்ணமே கிடையாது. கார்புரேட்டரை இன்று பார்க்க வேண்டுமானால் சாலையோரத்தில் தோளில் தொங்கவிட்டுப் புல்வெட்டும் இயந்திரத்தைப் பாருங்கள். அதை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் அதிலும் கிண்ணமும் மிதவையும் இல்லை. பதிலுக்கு ரப்பர்போல் வளையும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அந்தச் சவ்வை மூடியிருக்கும் தகட்டின் மேல் குண்டூசித் தலையளவில் ஒரு துளை இருக்கும். சவ்வின் மறுபுறத்துக்குக் காற்று போகும் வழி அதுதான். புல்லும் எண்ணெயும் படிந்து அது அடைந்துபோனால், புல்வெட்டுபவர் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இயந்திரம் ஒழுங்காக ஓடாது.