கடலிலிருந்து பார்த்தால்தான் கோணமலை புரியும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

திருவண்ணாமலையிலிருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரு பாய்மரப் படகுப் பயணத்தைப் பத்திச் சொல்லப்போறேன். கடலே இல்லாத ஊர்க்காரனுக்குப் பாய்மரம் எதுக்குன்னு கேப்பீங்க. அதுக்கு ஒரு சின்னக் கதை இருக்கு.

1767 செப்டம்பர்ல நம்ம ஊர்ல ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் கர்னல் ஸ்மித் தலைமையில கம்பெனிப் படை. இன்னொரு பக்கம் ஹைதர் அலியும் நிஜாமும். அதைப் பத்திப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணுல பட்டது. பழைய ஆங்கிலப் புத்தகங்கள்ல நம்ம ஊர் பேரு 'ட்ரினோமலி'. இலங்கையில இருக்கிற திருகோணமலையோட பேரு 'ட்ரிங்கோமலி'. நடுவுல ரெண்டே எழுத்துதான் வித்தியாசம். நான் முதல்ல ரெண்டையும் ஒண்ணுன்னே நினைச்சுட்டேன்.

பேரு மட்டும் இல்ல. ரெண்டும் மலையை வெச்சு வந்த சிவன் கோயில் ஊர். ரெண்டும் கோட்டையா மாறின ஊர். நம்ம ஊர் அருணகிரிநாதர் ரெண்டு ஊரையும் திருப்புகழ்ல பாடியிருக்கார். அவர் 15ஆம் நூற்றாண்டு. அந்தக் காலத்துல இங்கிருந்து ஒருத்தர் கோணமலைக்குப் போகணும்னா பாய்மரத்தைத் தவிர வேற வழி கிடையாது. அந்த ஊரைக் கடல் வழியா நெருங்கினா எப்படி இருக்கும்? இதுதான் என் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்த கேள்வி.

வாய்ப்பு எதிர்பாராம வந்தது. ரமணாசிரமம் பக்கம் வருஷா வருஷம் வந்து தங்குற பிரெஞ்சு நண்பர் ஒருத்தர், கோர்சிகா தீவுக்காரர். அவரோட சின்ன யாட் திருகோணமலையில நங்கூரம் போட்டு நின்னுது. "வர்றியா?"ன்னு கேட்டார். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறிக் காங்கேசன்துறை, அங்கிருந்து பஸ். 2023 அக்டோபர்ல மறுபடி தொடங்கின கப்பல் சேவைதான். அது ஓடுதான்னு பார்த்துட்டு டிக்கெட் போடுங்க, மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க.

இப்ப காற்றுக் கணக்கைச் சொல்றேன். நாகப்பட்டினத்துல இருந்து திருகோணமலை கடல்ல சுமார் 300 கிலோமீட்டர், தென்கிழக்குத் திசை. தை, மாசியில வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அப்ப போனா காற்று படகோட இடப்பக்கத்துல இருந்து அடிக்கும். பாய்மரத்துக்கு அது சௌகரியமான காற்று. நல்லா வீசினா ஒன்றரை நாள்ல போய்ச் சேரலாம். திரும்பணும்னா வைகாசி, ஆனி வரைக்கும் காத்திருக்கணும். அப்ப தென்மேற்குக் காற்று, அங்கே கச்சான்னு சொல்றாங்க. திரும்பி வரும்போதும் காற்று இடப்பக்கமே வரும். ஒரு பருவம் போக, ஒரு பருவம் வர. நடுவுல நாலு மாசம் அந்த ஊர்ல தங்கித்தான் ஆகணும். துறைமுக ஊர்கள்ல சத்திரமும் கோயிலும் சந்தையும் ஏன் பெருகுதுன்னு இதுல இருந்தே புரிஞ்சுக்கலாம்.

நாங்க படகு எடுத்தது வைகாசியில. உள் துறைமுகத்துல கடற்படைத் தளம் இருக்கிறதால முன்கூட்டியே அனுமதி வாங்கணும், கண்டபடி போட்டோ எடுக்கக் கூடாது. உள்ளே தண்ணி குளம் மாதிரி அசையாம கிடக்கு. சுத்தி மேடுங்க. வாய் குறுகலா இருக்கு, அதுக்கு மேல மேட்டுல ஆஸ்டன்பர்க் கோட்டை. அதைத் தாண்டிக் கொட்டியாரக் குடாவுக்குள்ள வந்ததும் திரும்பிப் பார்த்தேன். இப்பதான் வெளியே வந்த துறைமுகத்தைக் காணோம்! மேடுங்க ஒண்ணை ஒண்ணு மறைச்சுடுச்சு. நண்பர் சிரிச்சார். "எங்க ஊர் போனிஃபாசியோவும் இப்படித்தான்"னார். அது மத்தியதரைக் கடல் ஊர். செங்குத்தான வெள்ளைப் பாறை மேல கோட்டையும் ஊரும், பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்ச மாதிரி ஒரு நீண்ட துறைமுகம். வெளியில இருந்து வர்றவனுக்கு முதல்ல பாறை மட்டும்தான் தெரியும்.

கொட்டியாரக் குடாவுல இன்னொரு அதிசயம், ஆழம். கடலடிப் பள்ளத்தாக்கு ஒண்ணு குடாவுக்குள்ளேயே தொடங்குது. பெரிய கப்பல் கரைக்குப் பக்கத்துல வரலாம். நீலத் திமிங்கிலமும் இந்தக் கரைக்குக் கிட்ட வரும்.

குடாவை விட்டு வெளியே வந்து வடக்கே திரும்பினதும் சுவாமி மலை தெரிஞ்சுது. கடல்ல இருந்து நேரா எழும்புற பாறை, சுமார் நூறு மீட்டர். உச்சியில கோணேசர் கோயில். பாறையில ஒரு பெரிய பிளவு, அதுதான் இராவணன் வெட்டு. படகோட அணியத்துல, அதாவது முன்பக்கத்துல, நான் உக்காந்திருந்தேன். பாறைக்குக் கீழே போனதும் பாய் துவண்டு தொங்கிடுச்சு. மேற்கே இருந்து வந்த கச்சானைப் பாறை தடுத்துடுச்சு. எஞ்சினைப் போட வேண்டியதாச்சு. இதே இடத்துல வாடைக்காலத்துல அலை நேரா வந்து பாறையில மோதும். அப்ப பாய்மரத்துல யாரும் கிட்ட போக மாட்டாங்க.

அங்கே உக்காந்து அண்ணாந்து பார்த்தப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. அந்தக் கோயில் ஏன் அங்கே இருந்ததோ, அதே காரணத்துக்காகத்தான் அது இல்லாமப் போச்சு.

அந்தக் காலத்துல நம்ம சோழமண்டலக் கரையில பெரிய கப்பலுக்கு ஒதுங்க இடமே கிடையாது. சென்னையில கப்பல் திறந்த கடல்லதான் நிக்க வேண்டியிருந்தது. ஐப்பசி வந்தா ஆங்கிலேயரோட போர்க்கப்பல்கள் பம்பாய்க்கு ஓடிடும். கிழக்குப் பக்கம் புயலுக்கும் ரெண்டு பருவக் காற்றுக்கும் பயப்படாம நிக்கக்கூடிய துறைமுகம் அப்ப திருகோணமலைதான். அந்தத் துறைமுகத்துக்கு வர்ற கப்பலைத் தூரத்துலயே பார்க்கக்கூடிய இடம் சுவாமி மலை. ஏழாம் நூற்றாண்டுல சம்பந்தர் பாடின கோயில் நின்னது அங்கே. 1622ல போர்த்துகீசியர் அதை இடிச்சாங்க. அந்தக் கல்லை வெச்சே கோட்டை கட்டினாங்க. இன்னைக்கும் கோட்டை வாசல்ல பாண்டியரோட மீன் சின்னம் செதுக்கின கல் இருக்கு. அப்புறம் டச்சுக்காரங்க வந்தாங்க. 1782ங்கிற ஒரே வருஷத்துல ஜனவரியில ஆங்கிலேயர், ஆகஸ்டுல பிரெஞ்சுக்காரர்னு கை மாறிச்சு. 1795ல ஆங்கிலேயர் கிட்ட நிலைச்சுது.

நம்ம ஊரை யோசிச்சுப் பாருங்க. 18ஆம் நூற்றாண்டுல நம்ம கோயிலோட மதிலும் பலமுறை கோட்டையா பயன்பட்டது. செங்கம் கணவாய்க்குப் போற வழியில இருக்கிறதால எல்லாப் படையும் இங்கே வந்துது. ஆனா சண்டை முடிஞ்சதும் படைங்க போயிடுச்சு, கோயில் நின்னுது. துறைமுகம் அப்படி இல்ல. அதைப் பிடிச்சவன் விட மாட்டான். இன்னைக்கும் கோணேசரைப் பார்க்க ராணுவம் இருக்கிற கோட்டை வாசல் வழியாத்தான் போகணும்.

கோயில் இல்லாத அந்த முந்நூறு வருஷத்துல மக்கள் என்ன செஞ்சாங்க? பாறை மேல ஏறி, பூவையும் தேங்காயையும் கடலைப் பார்த்துப் போட்டுப் பூசை செஞ்சாங்க. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் இதைப் பார்த்து எழுதி வெச்சிருக்காங்க. 1950ல கிணறு தோண்டும்போது பழைய செப்புத் திருமேனிகள் கிடைச்சுது. 1956ல ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறைக்குக் கீழே கடலுக்குள்ள கோயில் கற்களைப் பார்த்தாங்க. 1963ல புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு ஆச்சு.

வெளியூர்க்காரங்களுக்கு வெறும் பாறைக்குப் பூசை செஞ்சது ஆச்சரியமா இருக்கலாம். மலையையே சாமின்னு சுத்தி வர்ற ஊர்ல பிறந்தவனுக்கு அது ஆச்சரியமே இல்ல. கல்லைப் பேர்த்துக் கோட்டை கட்டலாம். மலையைப் பேர்க்க முடியாதே.

நீங்க போனா, கோயிலுக்கு மேல ஏறிப் பார்த்துட்டு மட்டும் திரும்பிடாதீங்க. சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் அந்தக் கரையில கடல் பெரும்பாலும் அமைதியா இருக்கும். பாய்மரம் கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல. ஒரு மீன்பிடிப் படகுல பேசிட்டு, காலையில அந்தப் பாறைக்குக் கீழே போய் ஒரு பத்து நிமிஷம் அண்ணாந்து பாருங்க.