விசாகப்பட்டினம் கடற்கரையில் கடற்படை வீரர்களுக்கு நினைவுச்சின்னம்: எதிரிக்கு தண்ணி காட்டிய நாகர்கோவில் தளபதி!

விசாகப்பட்டினத்துக்கு போகிறவர்கள் சாயங்காலம் ஆனால் ராமகிருஷ்ணா பீச்சுக்கு ஒரு நடை போய் வருவது வழக்கம். அங்கே கரையில் நிறுத்தப்பட்டுள்ள ‘குர்சுரா’ நீர்மூழ்கி கப்பலை பார்க்க கூட்டம் அலைமோதும்.

அதே பீச் ரோட்டில் கடலை ஒட்டி இருக்கிறது ‘விக்டரி அட் சீ’ நினைவுச்சின்னம். 1971-ம் ஆண்டு இந்தியா - பாகிஸ்தான் போரில் பங்கேற்ற கடற்படை வீரர்களின் நினைவாக 1996-ல் கட்டப்பட்டது. பலரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்து விடுகிறார்கள். ஆனால் இதன் பின்னணியில் உள்ள கதையில் சென்னைக்கும், நாகர்கோவிலுக்கும் பங்கு உண்டு.

குறி விக்ராந்துக்கு!

அப்போது நம்மிடம் இருந்த ஒரே விமானம் தாங்கி கப்பல் ‘விக்ராந்த்’. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த பெரிய கப்பல். ஆனால் கொதிகலனில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாத நிலை.

இதை மூழ்கடிக்க பாகிஸ்தான் அனுப்பியதுதான் ‘காஸி’ நீர்மூழ்கி. வங்காள விரிகுடா வரை வந்து தாக்கும் சக்தி, பாகிஸ்தானிடம் இருந்த நீர்மூழ்கிகளில் இதற்கு மட்டுமே இருந்தது. 1971 நவம்பர் 14-ந்தேதி கராச்சியில் இருந்து கிளம்பியது.

நவம்பர் 23-ந்தேதி வாக்கில் சென்னை கடல் பகுதியில் காஸி வலை வீசி தேடியது. ஆனால் விக்ராந்த் அதற்கு முன்பே சென்னையை விட்டு கிளம்பி, அந்தமான் பக்கம் போய் பதுங்கிவிட்டது.

கறி, காய்கறி ஆர்டர்

கிழக்கு பிராந்திய கடற்படைக்கு அப்போது தளபதி, நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் நிற்பது போலவே எதிரியை நம்ப வைக்க அவர் ஒரு நாடகம் ஆடினார்.

கப்பல் படையே வந்து நிற்பது போல கறியும், காய்கறியும் ஏராளமாக ஆர்டர் செய்யப்பட்டன. மார்க்கெட்டில் பேச்சு கிளம்பினால் உளவாளிகள் காதுக்கு போய்விடும் என்பது கணக்கு.

இன்னொரு பக்கம் ‘ராஜ்புத்’ என்ற பழைய போர்க்கப்பல், விக்ராந்த் போலவே ரேடியோவில் பேசியது. உடம்பு சரியில்லாத அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டு, விக்ராந்த் மாலுமி அனுப்புவது போல ஒரு தந்தியும் பறந்தது. இதை எல்லாம் கிருஷ்ணனே பிற்காலத்தில் புத்தகமாக எழுதி இருக்கிறார்.

காஸி நம்பிவிட்டது. விசாகப்பட்டினம் நோக்கி வந்தது.

நள்ளிரவு வெடிச்சத்தம்

டிசம்பர் 3-ந்தேதி சாயங்காலம் போர் வெடித்தது. அன்று நள்ளிரவில் துறைமுகத்தை விட்டு வெளியே வந்த ராஜ்புத், தண்ணீரில் சந்தேகப்படும்படி அசைவு தெரிந்த இடத்தில் வெடிகுண்டுகளை வீசியது. கொஞ்ச நேரத்தில் ஊரே அதிரும்படி கடலுக்குள் பயங்கர வெடிச்சத்தம்!

அடுத்து மீனவர்கள் கையில் சிக்கியது ஒரு லைப் ஜாக்கெட். காஸி மூழ்கிய தகவல் வெளியானது. அதில் இருந்த 93 பேரில் ஒருவர்கூட பிழைக்கவில்லை.

மூழ்கியது எப்படி என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. ராஜ்புத் குண்டு வீசி மூழ்கடித்ததாக இந்திய கடற்படை கூறுகிறது. கப்பலுக்குள்ளேயே வெடித்தது, அல்லது தான் வைத்த கண்ணிவெடியில் தானே சிக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு வாதம்.

ஆபத்து நீங்கியதும் விக்ராந்த் களத்தில் குதித்தது. டிசம்பர் 4-ந்தேதியே அதன் விமானங்கள் இன்றைய வங்காளதேசத்தில் உள்ள காக்ஸ் பஜாரிலும், சிட்டகாங்கிலும் குண்டு மழை பொழிந்தன.

நம் பக்கமும் இழப்பு

வெற்றி சும்மா வரவில்லை. டிசம்பர் 9-ந்தேதி டையூ அருகே ‘குக்ரி’ போர்க்கப்பலை பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் கடலோடு போனார்கள். கேப்டன் முல்லாவும் கப்பலோடு மூழ்கினார். கடலில் இறந்தவனுக்கு சமாதி கிடையாது. குடும்பத்தார் வந்து நின்று கும்பிட இப்படி ஒரு இடம்தான் மிச்சம்.

காஸியின் உடைந்த பாகம் விசாகப்பட்டினம் கரையில் இருந்து சில கிலோ மீட்டர் தூரத்தில் கடலடியில் கிடக்கிறது. 2024-ம் ஆண்டு இந்திய கடற்படையின் ஆழ்கடல் மீட்பு வாகனம் அதை கண்டறிந்தது. எதிரியாக இருந்தாலும் இறந்தவர்களுக்கு மரியாதை தரும் வகையில் அதை யாரும் தொடவில்லை.

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 4-ந்தேதி, கடற்படை தினத்தன்று இந்த நினைவுச்சின்னத்தில் மலர் வளையம் வைத்து அஞ்சலி செலுத்தப்படுவது குறிப்பிடத்தக்கது.