புதுக்கோழி ஏன் முட்டையிடவில்லை?

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கென்றே ஒரு கோழி இனம் இருக்கிறது. பெயர் நிக்கோபாரி. குட்டைக் கால், திரண்ட உடம்பு. ஓடினால் பந்து உருள்வதுபோல இருக்கும். சாதாரண நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 70 முட்டை இட்டாலே பெரிது. நிக்கோபாரி 140 முதல் 160 வரை இடும். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) உள்ள மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இந்த இனத்தைப் பேணி வளர்த்து வருகிறது.

இப்படிப் பேர்போன கோழி ஒன்றைக் கூடையில் வைத்து அங்கிருந்து கப்பலேற்றி, கார் நிக்கோபாருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 270 கிலோமீட்டர் கடல். இன்ஜின் இரைச்சல், அலையாட்டம், முன்பின் தெரியாத கைகள். போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு முட்டை. வீட்டில் ஒரே குஷி. அப்புறம் பத்து நாளாகியும் கூட்டில் ஒன்றும் இல்லை. “வித்தவன் நல்லா ஏமாத்திட்டான், கிழட்டுக் கோழி” என்று பாட்டி முடிவே கட்டிவிடுவார்.

கோழி மேல் தப்பில்லை. கணக்கைப் பாருங்கள்.

கோழியின் வயிற்றுக்குள் மஞ்சள் கருக்கள் சின்னதும் பெரிதுமாக வரிசையில் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு கரு முழு அளவுக்கு வளரப் பத்து நாள் பிடிக்கும். முற்றிய கரு முட்டைக்குழாய்க்குள் இறங்கியதும் அதைச் சுற்றி வெள்ளைக்கரு சேரும், பிறகு மெல்லிய சவ்வு, கடைசியாக ஓடு. எல்லாம் முடிய 25 மணி நேரம். இதில் ஓட்டுக்கு மட்டுமே 20 மணி நேரம்! ஆக, அந்த முதல் முட்டை, கப்பலில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிய முட்டை.

அதற்குள் பயம் தன் வேலையைக் காட்டிவிடுகிறது. மிரண்ட கோழியின் இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோன் ஏறும். “இப்போது உயிர் பிழைப்பதுதான் முக்கியம், முட்டை அப்புறம்” என்று உடம்பு முடிவெடுக்கும். பாதி வளர்ந்த கருக்களைக்கூட வீணாக்காமல் கரைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும். என்ன சிக்கனம் பாருங்கள்! பயம் தெளிந்த பிறகு புதுக்கருக்கள் முதலிலிருந்து வளர வேண்டும். மறுபடி முட்டையிட இரண்டு மூன்று வாரம் ஆவது இதனால்தான். இடையில் வெண்பொடி பூசியது போன்ற முட்டையோ, ஓடில்லாத தோல்முட்டையோ வந்தால் பதற வேண்டாம்.

பயம் எப்படித் தெளியும்? முதல் சில நாள் கூட்டிலேயே அடைத்து வையுங்கள், இல்லையென்றால் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் விடுங்கள். இரவு எங்கே அடைய வேண்டும் என்று அது பழகிக்கொள்ளும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆசைக்குத் தூக்கித் தூக்கிக் கொஞ்சுவதை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே கோழிகள் இருந்தால் இன்னொரு சிக்கல். யார் யாரைக் கொத்தலாம் என்று அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு. தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே என்ற நார்வேக்காரர் சின்ன வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்து, 1921-இல் இதை எழுதினார். புதுக்கோழி வந்தால் அந்த வரிசையே கலைந்துவிடும். அதனால் முதலில் தனியே வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, நடுவில் கம்பிவலை வைத்து ஒன்றையொன்று பார்க்கவிட்டு, அப்புறம் சேர்த்துவிடுங்கள். தீனித்தட்டு இரண்டு இருந்தால் சண்டை குறையும்.

வெளிச்சமும் வேண்டும். கோழி கண்ணால் மட்டுமல்ல, மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள் நுழையும் வெளிச்சத்தாலும் பகலின் நீளத்தை அறிகிறது! நிறைய முட்டையிட 14 மணி நேர வெளிச்சம் நல்லது. அந்தமானில் டிசம்பர் மாதம் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்; பகல் பதினொன்றரை மணி நேரம்தான். அந்தச் சமயத்தில் முட்டை குறைவது இயல்பு.

ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. அதற்காகக் கடற்கரைக்குப் போய்ப் பவளத்தை எடுத்து வந்துவிடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். சமையலறையில் மிஞ்சும் முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்கிப் போட்டாலே போதும்.

வெளிறிய கொண்டை சிவந்து, கோழி மூலை மூலையாக இடம் தேடிக் கேற ஆரம்பித்தால் முட்டை நெருங்கிவிட்டது. இறகு கொத்தாக உதிர்ந்தால் மறுபடி முட்டையிட இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். ஆனால் தீனி எடுக்காமல், இறக்கை தொங்கி, மூக்கில் சளி ஒழுகினால் அது இடம் மாறிய பயம் அல்ல, நோய். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.