ஐரோப்பாவுக்குப் பெட்டி கட்டுமுன்: ஏற்றுவது எது, இறக்குவது எது?

லாரிக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். எந்தச் சரக்கை அடியில் போடுவது, எதை மேலே வைப்பது, எத்தனை டன்னுக்கு மேல் போனால் அச்சு தாங்காது என்பதெல்லாம் நமக்கு அத்துபடி. அப்படிப்பட்ட நாமே 2023-ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பா சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டியபோது ஓவர்லோடு ஏற்றினோம். அதைவிடப் பெரிய தவறு, சரக்கை இடம் மாற்றி ஏற்றினோம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வெளிநாடு போகும் வணிகர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். எங்கள் அனுபவம் அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

நாமக்கல்லிலிருந்து ஆறு குடும்பங்கள், 14 பேர் கிளம்பினோம். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று 12 நாள் பயணம். எல்லோரும் கடைக்காரர்கள், மொத்த வியாபாரிகள்.

மாத்திரை போன பெட்டி

எங்களுடன் வந்தவர்களில் மூத்தவர் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். வயது 61. நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். கைப்பை கனமாக இருக்கிறதென்று சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, இன்சுலின் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். வழியில் விமானம் மாறும் இடத்தில் அந்தப் பெட்டி மட்டும் தங்கிவிட்டது. பாரிஸில் எல்லோருடைய பெட்டியும் வந்தது, அண்ணனுடையது வரவில்லை.

நம் ஊராக இருந்தால் தெருமுனை மருந்துக் கடையில் காலி அட்டையைக் காட்டினால் போதும். அங்கே இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. மறுநாள் சுற்றுலா மேலாளர் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். என்ன மருந்து என்று டாக்டர் கேட்டார். "காலையில் வெள்ளை மாத்திரை ஒன்று, ராத்திரி மஞ்சள் ஒன்று" என்றார் அண்ணன். கடையில் 200 சரக்கின் விலையை மனப்பாடமாகச் சொல்லும் மனிதர், தாம் பத்தாண்டுகளாகச் சாப்பிடும் மருந்தின் பேர் தெரியாமல் நின்றார். பக்கத்தில் அண்ணியார் கண் கலங்கினார். கடைசியில் ஊரிலிருந்த மகன் கல்லாப்பெட்டிக்குள் கிடந்த பழைய சீட்டைத் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். அதன் பிறகுதான் மருந்து கிடைத்தது. பெட்டி வந்து சேர்ந்தது மூன்றாம் நாள் மாலை.

இதிலிருந்து நாங்கள் கற்ற பாடத்தை முதலாவதாகச் சொல்கிறோம். மருந்து எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு அதிகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை அட்டையோடு வைக்க வேண்டும். டப்பாவில் உதிர்த்துப் போடக் கூடாது. டாக்டர் சீட்டில் கம்பெனிப் பேரோடு மருந்தின் மூலப்பேரையும் எழுதி வாங்க வேண்டும். கம்பெனிப் பேர் நாட்டுக்கு நாடு மாறும், மூலப்பேர்தான் எங்கும் புரியும். இன்சுலினைச் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே குளிரில் உறைந்தால் அதன் வீரியம் கெட்டுவிடும்.

இன்னொன்று: முழுச் சரக்கையும் ஒரே லாரியில் அனுப்புவது புத்திசாலித்தனம் அல்லவே. கணவன் பெட்டியில் மனைவியின் இரண்டு செட் துணியும், மனைவி பெட்டியில் கணவனின் இரண்டு செட்டும் இருக்கட்டும். ஒரு பெட்டி தவறினாலும் மாற்றுத்துணிக்கு அலைய வேண்டியிராது.

எடை போடாமல் கிளம்பாதீர்

கைப்பைக்கு 7 அல்லது 8 கிலோ, பெரிய பெட்டிக்கு 23 முதல் 30 கிலோ வரை என்று விமானக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கம்பெனியானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். தூக்கும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. நம்மிடம் இல்லாத தராசா? கடைத் தராசிலேயே எடை போட்டுவிடலாம். அனுமதிக்கு இரண்டு கிலோ குறைவாகவே போங்கள். திரும்பும்போது எல்லாப் பெட்டியும் கனக்கும்.

விமானம் அனுமதிக்கும் எடையை விட, நாம் தூக்க முடிகிற எடையே முக்கியம். அங்கே சுமை தூக்க ஆள் கிடைப்பது அரிது. பழைய ஓட்டல்கள் சிலவற்றில் லிப்ட் இல்லை; இருந்தாலும் ஒரு ஆளும் ஒரு பெட்டியும்தான் நுழையும். ரோம் நகரத் தெருக்களில் பதித்த கருங்கல் பாவில் பெட்டிச் சக்கரம் உருளாது, குதிக்கும். ஆகவே பெட்டியைக் கட்டி முடித்ததும், கையில் எடுத்து வீட்டு மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பெட்டியைத் திறந்து சரக்கை இறக்குங்கள்.

காந்தியடிகள் 1931-ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்காக 'ராஜபுதனா' கப்பலில் லண்டன் புறப்பட்டார். உடன் வந்தவர்கள் அன்பளிப்பாக வந்ததையெல்லாம் பெட்டி பெட்டியாக ஏற்றியிருப்பதைக் கப்பலில்தான் கண்டார். தேவைக்கு மிஞ்சிய பெட்டிகளை ஏடன் துறைமுகத்திலிருந்தே பம்பாய்க்குத் திருப்பி அனுப்பச் செய்தார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் வீட்டு வாசலிலேயே திருப்பிவிடலாம்.

துணிமணி

நாமக்கல்லில் வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பாரிஸில் பகலில் சுமார் 20 டிகிரி இருக்கும். இரவில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். சுவிட்சர்லாந்தின் யுங்ப்ராவ் மலை ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கோடையிலும் பனிதான். அதற்காகக் கம்பளிக் கோட்டுகளைச் சுமக்க வேண்டாம். 2019 ஜூலையில் பாரிஸில் 42.6 டிகிரி வெயில் அடித்தது. 2022 ஜூலையில் இங்கிலாந்திலேயே 40 டிகிரியைத் தாண்டியது. ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க நேரலாம்.

இதற்கு வழி, தடித்த உடை ஒன்றுக்குப் பதில் மெல்லிய உடைகளை அடுக்காக அணிவதுதான். உள்ளே உடலோடு ஒட்டும் முழுக்கை பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பனியன் வகையறாவுக்குத் திருப்பூர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அங்கே போய் யூரோ கொடுத்து வாங்குவானேன்? பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறித் துண்டு இரண்டு போதும். துவைத்துப் பிழிந்து போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும்.

ஆண்களுக்கு இரண்டு கால்சட்டை, ஐந்து சட்டை போதும். ஓட்டல் அறைக்கு ஒரு வேட்டி. பெண்கள் பட்டுச்சேலையை வீட்டில் விட்டுவிடலாம். எஸ்கலேட்டரில் சேலைத் தலைப்பு சிக்கும் அபாயம் உண்டு, சுடிதார் வசதி. சேலைதான் வேண்டுமென்றால் கசங்காத லேசான சேலையைக் கணுக்காலுக்கு மேல் கட்டிக்கொள்ளலாம். ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இதில் நம் பெண்களுக்குச் சிக்கல் இல்லை. அரைக்கால்சட்டையோடு வந்த ஆண்கள்தான் வாசலில் நின்றார்கள்.

செருப்புப் போட்டுப் பழகிய கால் நம்முடையது. புது ஷூவைக் கிளம்பும் நாளன்று மாட்டினால் இரண்டாம் நாளே கொப்புளம். ஒரு மாதம் முன்பே வாங்கி, தினமும் காலையில் நம் மலைக்கோட்டையைச் சுற்றி நடந்து பழக்குங்கள்.

தின்பண்டமும் தடையும்

எங்கள் குழுவின் இரண்டாவது இழப்பு ராசிபுரம் நெய். ஒரு வீட்டார் இரண்டு கிலோ டின்னை ஆசையாகக் கொண்டுவந்தார்கள். இறங்கிய விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டு போகக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடக்கம்.

பழம், காய், கீரைக்கும் கட்டுப்பாடு உண்டு. 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக் கூடியவை ஐந்தே பழங்கள்: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். சேலத்து மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. இதை வெறும் கெடுபிடி என்று வணிகர்களாகிய நாம் எண்ணிவிடக் கூடாது. இந்தியாவிலிருந்து போன சரக்கில் பழ ஈ முதலான பூச்சிகள் இருந்ததென்று 2014 மே முதல் நம் மாம்பழ இறக்குமதியையே ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி வைத்தது. சோதனை முறைகளை நாம் சரிசெய்த பிறகே 2015 தொடக்கத்தில் தடை நீங்கியது. ஒரு பழத்துக்குள் இருக்கும் புழு, ஒரு பருவத்து வியாபாரத்தையே தின்றுவிடும்.

கொப்பரையையும் பெட்டியில் போடாதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பற்றக் கூடிய சரக்கு என்று விமானத் துறை அதை அபாயப் பொருள் பட்டியலில் வைத்திருக்கிறது.

தாராளமாகக் கொண்டுபோகக் கூடியவை: முறுக்கு, சேலம் தட்டுவடை, கடலை மிட்டாய், இட்லிப் பொடி, பருப்புப் பொடி. புளிக்காய்ச்சலும் நல்லெண்ணெயும் பெரிய பெட்டியில் மட்டும். மூடியை டேப் சுற்றி, இரட்டைப் பையில் போட்டு வையுங்கள். கைப்பையில் திரவம் என்றால் புட்டி ஒன்றுக்கு 100 மில்லி. எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள கண்ணாடிப் பையில் அடங்க வேண்டும். சில விமான நிலையங்களில் இந்த விதி தளர்ந்திருக்கிறது. அதை நம்பிக் கட்ட வேண்டாம்.

சின்னச் சாமான்கள்

கழிவறையில் தண்ணீர் வசதி இருக்காது, காகிதம்தான். கூச்சப்படாமல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குவளை எடுத்துப் போங்கள். பொதுக் கழிப்பிடங்கள் பலவற்றில் காசு கொடுக்க வேண்டும். சில்லறை யூரோ எப்போதும் பையில் இருக்கட்டும். ஒரு காலிப் புட்டியும் தேவை. ரோம் நகரத் தெருக்குழாய்களில் நல்ல குடிநீர் இலவசமாக ஓடுகிறது. கடையில் புட்டித் தண்ணீர் வாங்கினால் விலை நம்மைக் கலங்க வைக்கும்.

மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான். நம் இரண்டு பின் செல்போன் சார்ஜர் பெரும்பாலும் பொருந்தும். பிரிட்டனுக்கு மட்டும் தனி அடாப்டர் வேண்டும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

தங்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ், ரோம் ரயில்களில் கைவரிசை காட்டுபவர்கள் உண்டு. கனத்த நகை போட்டுப் போகத்தான் வேண்டுமென்றால், கிளம்பும்போதே நம் சுங்கத் துறையிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது கேள்வி இருக்காது.

பணத்தில், அன்னியச் செலாவணியை ரொக்கமாக ஒருவர் 3,000 டாலர் மதிப்பு வரைதான் கொண்டுபோகலாம். மீதியைப் பயண அட்டையில் ஏற்றலாம். ஷெங்கன் விசா 29 நாடுகளுக்குச் செல்லும். அதற்கு 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட், விசா, காப்பீடு, டாக்டர் சீட்டு ஆகியவற்றின் நகல் ஒன்று பெட்டியில், ஒன்று கைப்பையில், ஒன்று ஊரில் இருக்கும் மகனிடமோ கணக்குப்பிள்ளையிடமோ இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும் ஸ்டாக் எடுத்தோம். எங்கள் பெட்டியில் போன 11 சட்டையில் ஆறு மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. கோட்டு ஒருமுறைகூட வெளியே வரவில்லை. விற்காத சரக்குக்கு வண்டி வாடகை கொடுத்த கதைதான்.

அண்ணன் இப்போது மாதம் ஒருமுறை ஈரோடு மார்க்கெட்டுக்குப் போனாலும் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது. கடை பில் புத்தகத்தில் கிழித்த தாள். மேலே கடைப் பேர் அச்சிட்டிருக்கும். கீழே சரக்குக்குப் பதில் மருந்தின் பேர், அளவு, வேளை. கேட்டால் எடுத்துக் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.