அக்கூஸ்டிக் கிட்டாரின் எந்த இடத்தில் காது வைப்பது, தெரியுமா?

அடுப்பங்கரையில் ‘டக்’கென்று அழுத்தினால் பொறி தெறிக்கும் கேஸ் லைட்டரும், ஒற்றைக் கிட்டாரை அரங்கம் முழுக்கக் கேட்கவைக்கும் பிக்கப்பும் ஒரே வித்தையில் இயங்குகின்றன என்பது தெரியுமா? பீசோ! அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் பொருள். லைட்டருக்குள் ஒரு குட்டிச் சுத்தியல் அதன் தலையில் ஓங்கி அடிக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பிப் பொறியாகப் பாய்கிறது. கிட்டாரிலோ தந்தியின் அதிர்வு அதே வகைப் பொருளை லேசாக அமுக்கி அமுக்கி விடுகிறது. சின்னஞ்சிறு மின்துடிப்பு கேபிளில் ஏறி ஆம்புக்கு ஓடுகிறது.

இதை முதலில் கண்டு சொன்னவர்கள் 1880இல் பாரிஸில் இருந்த இரண்டு இளைஞர்கள், ஜாக் கியூரியும் அவர் தம்பி பியர் கியூரியும். ஆமாம், பின்னாளில் மேரி கியூரியைக் கைப்பிடித்த அதே பியர்தான்! குவார்ட்ஸ், டூர்மலின், புஷ்பராகம் என்று அவர்கள் சோதித்த படிகங்களின் வரிசையில் கரும்புச் சர்க்கரையும் உண்டு. சர்க்கரைப் படிகத்தை அமுக்கினாலும் மின்சாரம் வரும்! மேரி கியூரி கதிரியக்கத்தை அளந்த கருவியில் இருந்ததும் இந்தச் சகோதரர்களின் பீசோ குவார்ட்ஸ்தான். ரேடியத்துக்கும் ரிதம் கிட்டாருக்கும் பூர்வீகம் ஒன்று!

அப்புறம், தொழிற்சாலையிலேயே பீசோ பொருத்திய அக்கூஸ்டிக் கிட்டாரைப் பரவலாக்கியவர் யார் தெரியுமா? ஹெலிகாப்டர் செய்தவர்! அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹெலிகாப்டர் நிறுவனம் நடத்திய சார்லஸ் கேமன், தாமும் நல்ல கிட்டார் வாசிப்பாளர். 1966இல் ‘ஒவேஷன்’ கிட்டார் கம்பெனியைத் தொடங்கினார். ஹெலிகாப்டரில் அதிர்வை அடக்குவதே பெரும்பாடு. அதே அதிர்வு அறிவைக் கொண்டு கிட்டாரில் அதிர்வை வளர்க்கலாமே என்று இறங்கினார்கள். முதுகு உருண்ட, கண்ணாடி இழையால் ஆன அந்தக் கிட்டார்களில் 1970களின் தொடக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சாடிலுக்கு அடியிலேயே பீசோ வந்து உட்கார்ந்தது. அதுவரை மைக் முன்னால் அசையாமல் உட்கார்ந்து வாசித்த கிட்டார்காரர் எழுந்து மேடை முழுக்க நடமாட வழி பிறந்தது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். எந்த பிக்கப்பும் உங்கள் கிட்டாரை முழுசாகக் கேட்பதில்லை, தெரியுமா? ஒன்று தந்தியைக் கேட்கிறது. ஒன்று சாடிலில் விழும் அழுத்தத்தைக் கேட்கிறது. ஒன்று மேல்பலகையைக் கேட்கிறது. இன்னொன்று பெட்டிக்குள் அடைபட்ட காற்றைக் கேட்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் ரசிக்கும் ஒலியோ இவை எல்லாம் அறையின் காற்றில் கலந்த பிறகு பிறப்பது. “எது பெஸ்ட் பிக்கப்?” என்று கடையில் யாராவது கேட்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றும்: எங்கே வாசிக்கப்போகிறீர்கள், டிரம்ஸ் பக்கத்திலா, தனியாகவா? விரலால் மீட்டுவீர்களா, பிக் வைத்து அடிப்பீர்களா? அதற்குப் பிறகுதான் பிராண்டு!

தந்தியைக் கேட்பது காந்த பிக்கப். மேல்பலகையின் வட்டத் துளையான சவுண்ட் ஹோலில் குறுக்கே மாட்டி இரண்டு திருகாணியை முடுக்கினால் போதும், மரத்தில் கீறல்கூட விழாது. ஆனால் இதில் ஒரு வினோதம். அக்கூஸ்டிக் தந்தியின் மேல் சுற்றியிருக்கும் வெண்கலக் கம்பியைக் காந்தம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை! செம்பும் வெள்ளீயமும் கலந்த பாஸ்பர் பிரான்ஸ் ஆகட்டும், செம்பும் துத்தநாகமும் கலந்த 80/20 ஆகட்டும், இரண்டுக்கும் காந்தம் ஒட்டாது. உள்ளே ஓடும் எஃகு நரம்பு மட்டுமே அதன் காதில் விழுகிறது. அதனால்தான் சுற்று இல்லாத இரண்டாம் தந்தி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும். நல்ல காந்த பிக்கப்புகளில் அந்தத் தந்திக்கு நேரே காந்தத்தைத் தாழ்த்தி வைப்பது இதற்காகவே. நைலான் தந்திக் கிட்டாருக்கோ இந்த வகை பயன்படவே படாது.

இந்த வினோதம் ஒரு சரித்திர நிகழ்ச்சியின் பின்னணியிலும் இருக்கிறது. 1993 நவம்பரில் நியூயார்க்கில் எம்டிவி ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சியில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் வாசித்தது 1959ஆம் ஆண்டு மார்ட்டின் டி-18ஈ. மார்ட்டின் கம்பெனியே காந்த பிக்கப்புகள் பதித்து விற்ற அபூர்வ மாடல். அவை அக்கூஸ்டிக் தந்திகளோடு ஒத்துப்போகாததால் சவுண்ட் ஹோலில் பார்டோலினி பிக்கப் ஒன்றைத் தனியாக மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து கேபிள் போனது எங்கே தெரியுமா? ஃபென்டர் ஆம்புக்கு! கேமராவில் அது மானிட்டர் ஸ்பீக்கர் போலத் தெரியட்டும் என்று முன்னால் ஒரு பெட்டியையும் வைத்தார்கள். பிளக்கே இல்லை என்று பெயர் வாங்கிய நிகழ்ச்சியில் பிளக் குத்தியிருந்தது! 2020இல் அந்தக் கிட்டார் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

அதற்கும் முன்னால், 1964. பீட்டில்ஸின் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாட்டு ஒரு உறுமலோடு தொடங்குமே, அது அக்கூஸ்டிக் உடம்புள்ள கிட்டாரிலிருந்து வந்த ஃபீட்பேக் என்பது தெரியுமா? ஜான் லெனனிடம் இருந்த கிப்சன் ஜே-160ஈ. விரற்பலகை முடியும் இடத்தில் ஒரு காந்த பிக்கப் பதித்த கிட்டார். எல்லோரும் பயந்து ஓடும் சத்தத்தை வேண்டுமென்றே பாட்டின் வாசலில் வைத்தார்கள்.

ஆனால் கச்சேரியில் நமக்கு அந்த உறுமல் வேண்டாம்! கிட்டாரின் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கென்று ஒரு சுருதி உண்டு; பெரிய டிரெட்நாட் கிட்டாரில் அது சுமார் 100 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரிலிருந்து அந்தச் சுருதி திரும்பி வந்தால் பெட்டி கூடவே பாட ஆரம்பித்துவிடும். சவுண்ட் ஹோலை ஒரு ரப்பர் மூடியால் அடைத்தாலே பாதி தொல்லை போய்விடும். பிக்கப்பின் சமிக்ஞையை முதலில் வலுப்படுத்தும் ப்ரீஆம்பில் ‘ஃபேஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அதையும் அமுக்கிப் பாருங்கள். சமிக்ஞை தலைகீழாகத் திரும்பி, சில சமயம் உறுமல் அப்படியே அடங்கும். பெட்டிக்குள் குட்டி மைக் வைக்கும் முறை ஒலியில் காற்றோட்டத்தைக் கொடுக்கும், ஆனால் சத்தமான மேடையில் முதலில் ஊளையிடுவதும் அதுதான். அதனால் அதைத் தனியாக நம்பாமல், இன்னொரு பிக்கப்போடு கொஞ்சமாகக் கலந்துகொள்வார்கள்.

பீசோ என்றாலே ‘டொக் டொக்’கென்று பிளாஸ்டிக் தட்டுகிற மாதிரி கேட்கும் என்று அலுத்துக்கொள்பவர்கள் ஏராளம். அந்தப் பழியில் பெரும்பங்கு பிக்கப்புடையதே அல்ல, தெரியுமா? இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், மலைத்துப்போவீர்கள்! சாடிலுக்கு அடியில் வைக்கும் பீசோ பட்டை மின்சாரத்தின் கண்ணுக்கு ஒரு கெப்பாசிட்டர். ஏறத்தாழ 1 நானோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அதை நேராக மிக்ஸரின் லைன் இன்புட்டில், அதாவது 10 கிலோ ஓம் மின்தடை அளவில், குத்தினால் என்ன நடக்கும்? சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாம் தேயத் தொடங்கும்! கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், மெல்லிய தந்தியே 330 ஹெர்ட்ஸ்தான். மொத்தக் கிட்டாரும் சல்லடையில் சிக்கிக்கொண்டு, பிக்கின் கீச்சு மட்டும் வெளியே வரும். அதே பிக்கப்பை 1 மெகா ஓம் இன்புட்டில் குத்துங்கள், எல்லை 159 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 10 மெகா ஓம் ப்ரீஆம்பில் குத்தினால் 16 ஹெர்ட்ஸ்! தடித்த தந்தி கம்பீரமாக எழுந்து நிற்கும். பிக்கப்பை மாற்றவில்லை, தந்தியை மாற்றவில்லை, குத்திய இடம் மட்டுமே மாறியது. புது பிக்கப்புக்குப் பணம் சேர்ப்பவர்கள் முதலில் ஒரு நல்ல ப்ரீஆம்போ, இன்புட் தடை உயர்ந்த, கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கும் ஆக்டிவ் டிஐ பெட்டியோ வாங்கிப் பார்க்கவேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். சென்னை சபாக்களில் வீணையில் ஒட்டும் கான்டாக்ட் மைக் “கரகர”வென்று ஒலிக்கிறது என்று ரசிகர்கள் குறைபடும்போதும், ஒருமுறை இந்த இன்புட்டைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சாடில் நிஜத்தில் எந்தத் திசையில் அசைகிறது தெரியுமா? தந்தி மேலிருந்து அழுத்துவதால் மேலும் கீழும்தான் என்று நினைத்து, எல்லோரும் அடியில் பட்டை வைத்தார்கள். டெய்லர் கிட்டார் கம்பெனி, சாடில் பெரும்பாலும் முன்னும் பின்னுமாகவே ஆடுகிறது என்று சொல்லி, 2014இல் பீசோ துண்டுகளைச் சாடிலுக்குப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தது. ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் இவ்வளவு பெரிய இடமாற்றம்!

பலகையைக் கேட்கும் வகை இன்னும் எளிது: நாணயம் போன்ற வட்டுகளைப் பெட்டிக்குள், சாடிலைத் தாங்கும் பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்ள மரத்தகட்டில் ஒட்டுவது. மூன்று வட்டுகள், ஒவ்வொன்றும் இரண்டிரண்டு தந்திகளுக்கு நடுவே. பேட்டரியே தேவைப்படாத வகைகளும் உண்டு. மரத்தின் வாசனை இதில்தான் அதிகம் கேட்கும் என்பது என் கட்சி. ஆனால் அவசரப்பட்டு ஃபெவிக்விக்கை எடுக்காதீர்கள்! முதலில் இருபக்க டேப்பால் ஒட்டி, வாசித்து, நகர்த்தி, மறுபடி வாசியுங்கள். அரை அங்குலம் தள்ளினால் ஒரு தந்தி அமுங்கும், இன்னொன்று குதிக்கும். இடம் தெரிந்தபின் நிரந்தரமாக ஒட்டலாம்.

சாடிலுக்கு அடியில் பட்டை வைப்பதென்றால் வேலை நுணுக்கமானது. தந்திகளைத் தளர்த்திச் சாடிலைக் கழற்றுங்கள். அது உட்கார்ந்திருந்த பள்ளத்தின் ஓரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் துளை ஒன்றைச் சாய்வாகப் போட்டு, கம்பியை உள்ளே இறக்கவேண்டும். பட்டையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவையும் சாடிலின் அடியில் தேய்த்து எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தந்திகள் மேலே ஏறி விரல் வலிக்கும். தேய்க்கும்போது உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்துத் தேயுங்கள். ஏன் கண்ணாடி? சாடிலின் அடி சமதளமாக இல்லாவிட்டால், எந்த இடத்தில் இடைவெளி இருக்கிறதோ அந்தத் தந்தி ஊமையாகிவிடும்! ஒரு தந்தி மட்டும் கேட்கவில்லை என்று பிக்கப்பைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புபவர்கள் பலர். கோளாறு சாடிலின் அடியிலோ பள்ளத்தின் தரையிலோ ஒரு தாள் கனத்துக்கு இருக்கும். இன்னொன்று: சாடில் பள்ளத்தில் இறுகச் சிக்கிக்கொள்ளக் கூடாது. விரலால் இழுத்தால் வரவேண்டும். அப்போதுதான் தந்தியின் அழுத்தம் முழுவதும் பட்டைக்குப் போய்ச்சேரும்.

பின்பக்கம் ஜாக் வைக்க சுமார் 12 மில்லிமீட்டர் துளை வேண்டும். வார் மாட்டும் குமிழ் இருந்த சின்னத் துளையைத்தான் பெரிதாக்கவேண்டும். சாதாரண டிரில் பிட் அங்கே வெடுக்கென்று மரத்தைக் கவ்விப் பிளந்துவிடும். ரீமரால் மெல்லத் திருகித் திருகி அகலமாக்குவதே பத்திரம். சரி, ஜாக்கை உள்ளிருந்து அந்தத் துளைக்குக் கொண்டுவருவது எப்படி? சுமார் 10 சென்டிமீட்டர் சவுண்ட் ஹோல் வழியாகக் கை அவ்வளவு தூரம் எட்டாதே! வெளியிலிருந்து ஒரு மெல்லிய குச்சியைத் துளைக்குள் விட்டு, சவுண்ட் ஹோல் வரை நீட்டி, அதன் நுனியில் ஜாக்கைச் செருகிப் பின்னோக்கி இழுத்தால் தானாக வந்து எட்டிப்பார்க்கும்.

அந்த ஜாக் ஒரு சுவிட்சும்கூட என்பது தெரியுமா? பேட்டரி உள்ள பிக்கப்புகளில் ஸ்டீரியோ ஜாக் இருக்கும். நீங்கள் குத்தும் கேபிளோ மோனோ. அந்த மோனோ பிளக்கின் உலோக உடம்பு ஜாக்கின் இரண்டு முனைகளை இணைத்ததும் 9 வோல்ட் பேட்டரியின் சுற்று முழுமையாகி ப்ரீஆம்ப் விழித்துக்கொள்கிறது. கேபிளை உருவினால் தூங்கிவிடுகிறது. கேபிளை மாட்டியபடியே கிட்டாரைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுப் போனால், வாசிக்காத நேரத்திலும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். கச்சேரியின் நடுவில் ஒலி மெலிந்து கரகரக்கத் தொடங்கினால் முதலில் அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். வெல்க்ரோ பையில், பெரும்பாலும் கழுத்துக்கட்டை ஓரம், தடவினால் கையில் அகப்படும்.